படிச்சாச்சு

எங்கள் மகள் அனிஷா, பிடித்த வலைப்பக்கங்களைக் கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர்களாகச் சேமித்து வைத்திருந்தாள்: ‘படிக்கணும்’, ‘படிச்சாச்சு’. அவளை அடக்கம் செய்த அன்று ‘படிக்கணும்’ ஃபோல்டரில் முப்பத்தேழு பக்கங்கள் இருந்தன. மறுநாளிலிருந்து தினம் ஒரு பக்கம் இரண்டாவது ஃபோல்டருக்குப் போனது. வீட்டில் நானும் மனைவி ஆனந்தமேரியும் மட்டும்தான். நாங்கள் எதையும் தொடவில்லை.

“அம்புட்டும் தீந்துட்டா பிள்ள வரமாட்டாளே. இன்னும் நெறைய போட்டு வைங்க” என்றாள் ஆனந்தமேரி.

அனிஷாவுக்குப் பிடிக்குமென்று தேடித்தேடி இருபது பக்கங்கள் சேர்த்தேன். சிறுமலைப் பறவைகள், ஓவன் இல்லாமல் கேக்.

அந்த இருபதும் அப்படியே கிடக்கின்றன. அவளே சேர்த்ததில் இன்று காலை ஒன்றுதான் மிச்சம்.

ஆனந்தமேரி கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.