பெண் வீட்டார்

கடலோர ஊர்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய கதிரேசன், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வழி கேட்டுக் காரை நிறுத்தினார். சாலையோரம் நின்ற பெரியவர், "நானே வந்து காட்டுறேன்" என்று முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். மனைவி பூங்கொடியும் மகளும் பின்னால் இருந்தார்கள்.

பெரியவர் சொன்ன சந்துகளிலெல்லாம் திரும்பி, கார் ஒரு வீட்டு வாசலில் நின்றது. அது அவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. மாமியாருக்கும் மருமகளுக்கும் தகராறு, பஞ்சாயத்து பேச ஊரார் கூடியிருந்தார்கள்.

"கேக்க ஆளில்லைன்னு சொன்னீங்களே, எங்க ஆளுங்க வந்திருக்காங்க" என்றார் பெரியவர். கதிரேசன் மறுக்க வாயெடுப்பதற்குள் காபி வந்துவிட்டது.

"பொண்ணு வீட்டுல என்ன சொல்றீங்க?" என்று மாமியார் கேட்டாள். கதிரேசன் மனைவியைப் பார்த்தார். பூங்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"முதல்ல அந்தப் பொண்ணைப் பேச விடுங்க."

"அத்தைகூட இனி என்னால இருக்க முடியாது" என்றாள் அந்தப் பெண். பையை எடுத்துக்கொண்டு நேராகப் போய்க் காரில் ஏறினாள். பெரியவரே திகைத்துப்போனார்.

பூங்கொடியும் மகளும் அவள் பக்கத்தில் ஏறிக்கொள்ள, கதிரேசன் வண்டியைக் கிளப்பும்போது, அதுவரை வாயே திறக்காமல் நின்ற மாப்பிள்ளை, செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து பின்கதவைத் திறந்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா."