பாதியில் நின்ற பேச்சு

“இது ஒருக்காக் கதைச்சிட்டுதெண்டால் நான் நிம்மதியாச் சாவன், தம்பி.”

அமிர்தநாயகம் சாக்கை விலக்கி அந்த இரும்புப் பெட்டியை மேசையில் வைத்தார். எழுபத்தெட்டு வயது மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. பேசாலையில் றேடியோ, ரீவி, மின்விசிறி என்று எது வந்தாலும் திருத்தித் தள்ளும் சிங்கராசாவுக்கும் உடனே கலங்கிவிட்டது. பால்மா விளம்பரம் பார்த்தாலே மூக்கைச் சிந்துகிற ஆள் அவன்.

பெட்டி வால்வு எரிகிற காலத்து வயர்லெஸ். பொத்தானை அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால் மற்றவர் பேசுவது கேட்கும். அமிர்தநாயகத்தின் தகப்பன் கப்பல் ஏலமொன்றில் சோடியாக எடுத்து, ஒன்றை இங்கே தீவில் மீன்வாடி வைத்திருந்த இவருக்கும், மற்றதைக் கடலுக்கு அக்கரையில் பாப்பாமோட்டையில் வயல் செய்த மூத்தவர் நீக்கிலாசுக்கும் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு, அந்தோனியார் கோயில் பெருநாளுக்கு மறுநாள், அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பியின் பெட்டி புகைந்து அணைந்தது. பிறகு யுத்தம் வந்தது. அமிர்தநாயகம் பயத்தில் பெட்டியை வளவு மணலுக்குள் புதைத்துவிட்டு இந்தியாவுக்குப் படகேறினார். அங்கே அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தே இப்போது பத்து வருடத்துக்கு மேல். பாப்பாமோட்டைக்கு பஸ் ஓடுகிறது, ஆனால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீக்கிலாசுக்கு இரண்டு தரம் நெஞ்சுவலி வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகுதான் தம்பி மண்வெட்டியைத் தேடியிருக்கிறார்.

கையில் போன் இருக்கிறதே, ஐயா, என்று சிங்கராசா மெல்லக் கேட்டுப் பார்த்தான்.

“இதில நிண்ட பேச்சு, இதிலதான் தொடங்கோணும்.”

சிங்கராசா உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான். மனைவி றெபேக்காவிடம் விஷயத்தைச் சொன்னான். றெபேக்காவிடம் சொன்னால் கோயில் மணி அடிக்கத் தேவையில்லை. பொழுது சாய்வதற்குள் ஊரே சகோதர பாசத்தில் உருகிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கோப்பை மணலும் ஒரு நண்டின் ஓடும் கிடந்தன. சிங்கராசா துருவைச் சுரண்டினான், கொண்டென்சர்களை எல்லாம் மாற்றினான், ட்ரான்ஸ்ஃபோமரைக் கையாலேயே திரும்பச் சுற்றினான். வால்வுகளுக்குக் கொழும்பில் ஏறாத பழைய சாமான் கடை இல்லை. பாவிக்க அனுமதி எடுக்கக் கந்தோருக்குப் போனால், படிவத்தில் ‘நோக்கம்’ என்றொரு கட்டம் இருந்தது. ‘சகோதர அன்பு’ என்று எழுதிக் கொடுத்தான். அதைப் படித்த அதிகாரி ஒரு நிமிடம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முத்திரையைக் குத்தினார். அவருக்கும் ஒரு தம்பி இருந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் பேசும் பக்கம் சரியாகிவிட்டது. கேட்கும் பக்கம்தான் ஊமையாகவே கிடந்து உயிரை வாங்கியது. தலையைச் சொறிந்துகொண்டு அதைச் சொன்னபோது அமிர்தநாயகம் கொஞ்சமும் கவலைப்படவில்லை.

“கேக்கிற பக்கம் கிடக்கட்டும். நான் சொல்லுறது அங்க போனாக் காணும்.”

என்ன மனசு! மன்னிப்பைக்கூட எதிர்பார்க்காத மனசு! சிங்கராசா அழுதுகொண்டே வீறாப்பாக உட்கார்ந்து கேட்கும் பக்கத்தையும் திருத்தி முடித்தான்.

நீக்கிலாசின் பெட்டியைப் பற்றிக் கவலையே இல்லை. நெல் மூட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததைப் போன வருடம் சிங்கராசாதான் துடைத்துத் திருத்திக் கொடுத்தான். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் மனிதர் அதைப் போட்டுவிட்டு முன்னால் கதிரையில் இருந்துவிடுவார். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஞாயிறு சிங்கராசாவின் கடையில் கால் வைக்க இடமில்லை. சுவாமியார் பூசை உடுப்பைக் கழற்றிய கையோடு வந்துவிட்டார். பெண்கள் கண் துடைக்க லேஞ்சியும் கையுமாக நின்றார்கள். அமிர்தநாயகத்தின் மனைவி மாக்கிறட் மட்டும் ஏனோ வாசலோடு நின்றுகொண்டாள்.

வால்வுகள் மெல்லச் சிவந்தன. இதில் ஒன்று போனாலும் மாற்றிப் போட வேறு இல்லை என்பதால் சிங்கராசா ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அமிர்தநாயகம் பொத்தானை அமுக்கி அண்ணனைக் கூப்பிட்டார். விட்டால் வெறும் இரைச்சல்தான். இன்னொரு தரம் கூப்பிட்டார். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் குரல் எழும்பி வந்தது.

“ஆர், தம்பியோ?”

கடை முழுவதும் ஒன்றாக விசும்பியது. சுவாமியார் சிலுவை அடையாளம் போட்டார். றெபேக்கா ஏற்கெனவே இரண்டாவது லேஞ்சிக்கு மாறியிருந்தாள்.

அமிர்தநாயகம் பொத்தானை இறுக்கி அமுக்கினார்.

“ஓம் அண்ணை, நான்தான். அந்தப் பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில நாங்கள் தோளில காவின அந்தோனியாற்ற சுரூபம் சரிஞ்சது ஆரால எண்டு சொல்லத்தான் எடுத்தனான்.”

பாவம், இத்தனை வருடம் நெஞ்சில் சுமந்திருக்கிறார் என்று சுவாமியார் அவர் தோளில் கையை வைத்து, பயப்படாமல் சொல்லும்படி தலையசைத்தார். அமிர்தநாயகம் மூச்சை இழுத்துக்கொண்டார்.

“என்ர தோளால இல்லை. கள்ளைக் குடிச்சிட்டு வந்து சரிச்சது நீங்கள்.”

பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே சிங்கராசாவின் பக்கம் திரும்பினார்.

“கெதியா வயரைப் பிடுங்கு தம்பி, அண்ணர் பதில் சொல்லப்போறார்.”