ஹனுக்காவுக்கு ஒரு மெழுகுதிரி

பரிசுத்தாளைப் பிரித்த சிப்போராம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

பரிசு கொடுத்தவளின் சிரிப்பு பாதியில் அடங்கியது. பிடிக்கவில்லை போலிருக்கிறது.

மேசைமேல் கண்ணாடிக் குவளை. அதற்குள் வெள்ளை மெழுகுதிரி. யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் கடைசி மாலைக்கென்று அவளே ஆசையாக வாங்கி வந்தது.

சிப்போராம்மா அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

அந்த அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைப்பதுதான் இங்கே அவள் வேலை. குமரிக் கடற்கரையிலிருந்து இஸ்ரேலுக்கு வந்தவள். சிப்போராம்மா சிறுபிள்ளையில் கொச்சியிலிருந்து வந்த யூதப் பெண். இவள் தமிழும் அவர் மலையாளமும் கலந்து, வீட்டுக்கென்று ஒரு பாஷை உண்டாகியிருந்தது.

பண்டிகை தவறாமல் இங்கே பரிசு வரும். புத்தாண்டுக்குத் தேன். பஸ்காவுக்குத் திராட்சை ரசம். ஹனுக்காவுக்கு ஜாம் வைத்துப் பொரித்த பலகாரம். ஊரே கொண்டுவந்து கொடுக்கும்போது நாம் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா என்றுதான் அவளும் கடைக்குப் போனாள்.

பண்டிகைத் திரிகளுக்குப் பக்கத்திலேயே இதையும் அடுக்கியிருந்தார்கள்.

மேலே ஏதோ எழுதியிருந்தது. ஹீப்ரு அவளுக்குப் பேச வரும், படிக்க வராது. ஊரில் மாதா சிலை இருக்கும் கெபியில் இப்படித்தான் குவளையில் ஏற்றுவார்கள். பண்டிகைத் திரிகள் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, ஏற்றின சுருக்கில் தீர்ந்துபோகின்றன. இது நின்று எரியட்டும் என்று நினைத்தாள்.

கடைக்காரனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி.

மகள் யாயேல் சமையலறையிலிருந்து வந்தாள். குவளையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“இதை யாரு இங்க வச்சது?”

“நான்தான். அம்மாவுக்குப் பரிசு.”

“பரிசா? இது செத்தவங்களுக்கு ஏத்துறது.”



செத்தவர் என்ற சொல்லையே இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. சிப்போராம்மாவின் மகன் நெகேமியா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். ஒரு காலையில் கப்பலில் அவன் இல்லை. கடல் எதையும் திருப்பித் தரவில்லை.

சிப்போராம்மா யூத வழக்கப்படி தரையில் அமர்ந்து துக்கம் காக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் படியேற விடவில்லை. இறந்த தேதியில்தானே திரி ஏற்றுவீர்கள், என் பிள்ளைக்கு எந்தத் தேதி, சொல்லுங்கள் என்று கேட்பாராம். யாராலும் சொல்ல முடியவில்லை. அப்படியானால் அவன் இருக்கிறான் என்பார்.

அந்த அம்மாவுக்குப் போய் இதை அழகாகத் தாள் சுற்றிக் கொடுத்திருக்கிறாள்.

வேலை போனது என்றே நினைத்தாள். போனால் போகட்டும். பெற்ற வயிற்றை இப்படிப் பற்றவைத்துவிட்டோமே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“அறியாம வாங்கிட்டேன் அம்மா. பொறுத்துக்கிடுங்க.”

யாயேல் குவளையை எடுத்துக்கொண்டு குப்பைக் கூடைப் பக்கம் நடந்தாள்.

“அதை அங்கயே வை.”

சிப்போராம்மாதான். யாயேல் திரும்பி வந்து வைத்தாள். பண்டிகை நாளில் வேண்டாம் அம்மா என்று தணிந்த குரலில் சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை.

ஜன்னலோரம் பண்டிகை விளக்கில் திரிகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

பிறகு சிப்போராம்மா அவளைப் பார்த்துத் தங்கள் பாஷையில் கேட்டார்.

“உங்க கரையில, கடலுக்குப் போயி வராதவங்களுக்கு என்ன செய்வீங்க மோளே?”

அவள் சேலைத் தலைப்பைத் தேடினாள். இங்கே சேலை கட்டுவதில்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

“எங்க அப்பனுக்கு, பெட்டியில சட்டைய வச்சு அடக்கம் செஞ்சோம் அம்மா.”

“எந்த நாளுன்னு தெரியுமா?”

“தெரியாது. எங்கம்மா ரொம்ப காலம் சம்மதிக்கல. ஒரு நாள் சரின்னு சொன்னா. அந்த நாளத்தான் அப்பன் நினைவு நாளா வச்சிருக்கோம்.”

சிப்போராம்மா தலையை மட்டும் அசைத்தார்.

குவளையைத் தன் பக்கம் இழுத்தார். விலை ஒட்டியிருந்த துண்டுத்தாளை நகத்தால் சுரண்டினார். அது முழுக்க வரும்வரை விடவில்லை. உள்ளங்கையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார்.

பிறகு மகளிடம் ஹீப்ருவில் கேட்டார்.

“யாயேல், இன்னைக்கு என்ன தேதி?”