ஆறு நிமிஷத் தாமதம்

"எழுதுங்க மேடம், தைரியமா எழுதுங்க! எங்க ஊர் மானத்தை வாங்கின மனுஷன் அவர்!"

ஊர் நலச் சங்கத் தலைவர் மேசையைத் தட்டிய வேகத்தில், அவர் அம்மா எனக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளர் துள்ளியது.

முப்பது வீடு, ஒரு பிளாட்பாரம், ஒரு சிக்னல். ரயில்வேக்காரர்களுக்காகவே முளைத்த இந்தக் குட்டி ஊரின் சரித்திரத்தைத் தோண்டித் துருவ நான் வந்து மூன்று மாதமாகிறது. நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஸ்டேஷனின் பழைய பதிவேடு கையில் சிக்கியது.

ஒன்பது வருஷம்! தினமும் காலை பாசஞ்சர் ஆறு நிமிஷம் தாமதம். காரணம் என்ற இடத்தில் தினமும் ஒரே வரி: 'என் கவனக்குறைவு.' கீழே ஸ்டேஷன் மாஸ்டரின் கையெழுத்து.

நாமெல்லாம் ஒரு நாள் லேட்டானாலே நூறு சாக்கு சொல்வோம். இவரோ, மேலிடம் எத்தனை தடவை விளக்கம் கேட்டும், பதவி உயர்வையே நிறுத்தியும் அசரவில்லை.

காலையில் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன். கிழவர் பேப்பரைக்கூட இறக்கவில்லை.

"ஆமா, அசந்துட்டேன்."

"ஒன்பது வருஷமாவா சார்?"

"எனக்குத் தூக்கம் ஜாஸ்தி. அப்படியே போட்டுக்கோங்க. வேற எங்கேயும் போய்த் துருவ வேண்டாம்."

என்ன திமிர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"நானும் ரயில்வே ஆபீசர்தான். என் சர்வீஸ்ல ஒரு நிமிஷம் லேட் உண்டா?" என்றார் தலைவர். "எங்கப்பாவும் அதே ஸ்டேஷன்ல பாயிண்ட்ஸ்மேன். ஒருத்தர் அவரைக் குறை சொன்னதில்ல!"

"குறை சொல்ல விடலடா அந்த மாஸ்டர்."

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"எனக்கு மட்டும்தான்டா தெரியும். ரயில் வர்றதுக்குள்ள உங்கப்பா அந்தக் கோடி வரைக்கும் நடந்து போய்த் தண்டவாளத்தைத் திருப்பிவிடணும். கால் மரத்துப்போற வியாதி வந்துச்சு. பத்தடி நடந்தா நிக்கணும். வெளிய தெரிஞ்சா வேலையும் போகும், குடியிருந்த வீடும் போகும். மாஸ்டர்கிட்ட போய் அழுதார்."

தலைவரின் கை மேசையை விட்டு இறங்கியது.

"'நீ மெதுவா போய்யா, ரயில் நிக்கட்டும். பழியை நான் பாத்துக்கறேன்'னார். உங்கப்பா ரிட்டயர் ஆகுறவரைக்கும் பாத்துக்கிட்டார். 'பையன் காதுக்குப் போகக் கூடாது, அவன் அப்பனைத் தலை நிமிர்ந்து பாக்கணும்'னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார்."

"அம்மா..."

"அந்தப் புண்ணியவானை நினைக்காம நான் ஒரு நாள் சோத்துல கை வச்சதில்லடா. அவரைப் போய்ச் சோம்பேறின்னு அச்சடிக்கப் போறாங்க, நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?"

தலைவர் தலை நிமிரவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஆறு நிமிஷத்தை எழுதும்மா, விடாம எழுது. அதுலதான் இவன் படிச்சு ஆபீசர் ஆனான்னு சேர்த்து எழுது."