உள்ளே வைத்துத் தைத்தது

புத்தம்புதுச் சேலையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள் வடிவு. சுற்றிலும் பழைய நூல் சேலைகள் குவிந்து கிடந்தன.

"பழசுல போர்வ தைக்கறேன்னுதான சொன்ன? இதெதுக்கு?" என்றார் கணவர் குப்புசாமி.

வடிவு நிமிரவில்லை. "உங்க அக்காளுக்கு எடுத்ததுங்க. டாக்டர் கைய விரிச்ச அன்னைக்கு."

குப்புசாமிக்குப் புரிந்துவிட்டது. இறந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்த வேண்டிய கோடிச் சேலை. அக்காள் நாச்சம்மாள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோதே வடிவு தேவராஜ மொஹல்லா கடைவீதிக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள். நாச்சம்மாளோ பிழைத்து வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கடைசி நேரத்தில் அலையக் கூடாதே என்றுதான் வடிவு வாங்கினாள். ஆனாலும் மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. முன்பு வடிவு டெங்கு வந்து ஐ.சி.யூ.வில் கிடந்தபோது, மாதேஸ்வரன் மலைக்கு வெறுங்காலோடு ஏறி வேண்டிக்கொண்டவள் நாச்சம்மாள். வடிவு 'நங்கை' என்று கூப்பிடும் நாத்தனார் மட்டுமல்ல, வடிவின் அண்ணன் மனைவியும் அவள்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு.

அந்தச் சேலையைக் கட்டவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பீரோவைத் திறக்கவே வடிவுக்குப் பயமாக இருந்தது. நாச்சம்மாளுக்குக் காய்ச்சல் விட்டும் குளிர் விடவில்லை என்று கேள்விப்பட்டதும் வழி கிடைத்தது. பழைய சேலைகளை மேலும் கீழும் அடுக்கி, இதை நடுவில் மறைத்துப் போர்வையாகத் தைத்துவிட்டாள்.

மறுநாள் மண்டி மொஹல்லாவில் இருந்த நாச்சம்மாள் வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுபோனாள். நாச்சம்மாள் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, "கதகதன்னு இருக்குது சாமி" என்றாள். பிறகு போர்வையை விரலால் கசக்கிப் பார்த்தாள்.

"பழைய சேலைங்கற. உள்ள மொடமொடன்னு இருக்குதே?"

ஒரு முறை அலசிப் போட்டிருந்தால் கஞ்சி போயிருக்கும். வடிவுக்கு அந்தப் புத்தி வராமல் போயிற்று. பொய் சொல்ல வாயைத் திறந்தாள்.

"கோடியா?" என்று மெதுவாகக் கேட்டாள் நாச்சம்மாள்.

வடிவு உடைந்துபோனாள். "தப்புப் பண்ணிட்டனுங்க நங்கை. நீங்க பொழைக்க மாட்டீங்கன்னு நெனச்சுட்டேன். எம் மூஞ்சியில முழிக்காதீங்க."

நாச்சம்மாள் போர்வையை மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

"என்ன கலர் எடுத்த?"

"அரக்கு."

"எனக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

வடிவு இன்னும் அதிகமாக அழுதாள். நாச்சம்மாள் அவளை அருகில் இழுத்து, தான் கட்டியிருந்த பச்சைச் சேலையின் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது அது.

"அழுவாத. இந்தச் சேல நீ டெங்குல கெடந்தப்ப உனக்கு எடுத்தது."