ஏலத்தில் எடுத்த அறை

கதவு திறந்ததும் அவள் முதலில் பார்த்தது கட்டிலைத்தான். கடலைப் பிறகுதான் பார்த்தாள்.

ஒரே கட்டில். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வெள்ளை விரிப்பு.

அவள் புருஷன் நேராகப் பால்கனிக்குப் போய்விட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தபடி நின்றான். கப்பல் இன்னும் கிளம்பவில்லை.

அவள் விரிப்பை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

இந்த அறையை அவள் ஏலத்தில் எடுத்திருந்தாள்.

முதலில் பதிவு செய்தது ஜன்னல்கூட இல்லாத உள்ளறை. பத்து நாள் கழித்துக் கப்பல் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில். பால்கனி அறைகள் சில மிச்சமிருக்கின்றன, வேண்டுபவர்கள் ஏலம் கேட்கலாம் என்று. கீழே தராசு முள் மாதிரி ஒரு முள். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. விலையைக் கூட்டக் கூட்ட முள் பச்சைக்குப் போகும், அறை கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

நிபந்தனைகளை இரண்டு தடவை படித்தாள்.

கேட்கும் விலை ஒரு தலைக்கு. அறையில் ஒருவர்தான் தங்கினாலும் இரண்டு தலைக்கு எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி ஏற்றுக்கொண்டால் அந்த நிமிடமே பணம் போய்விடும். அதன் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது. பிடிக்காவிட்டாலும் பழைய அறை திரும்பக் கிடைக்காது.

கல்யாணத்தின்போதுகூட அவளிடம் யாரும் இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை.

சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். முள்ளைப் பச்சையின் கடைசி வரை தள்ளினாள். தையல் வகுப்பு எடுத்துச் சேர்த்த பணம். ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தேவைதான் என்று பதில் வந்தது.

கல்யாணமான மூன்றாம் மாதம் மாமனார் போய்ச் சேர்ந்தார். அதற்குள் மகள் வயிற்றில் தங்கியது அவள் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து வீட்டில் அவளும் மாமியார் குஞ்சம்மாளும் ஓர் அறையில், அவன் ஹாலில். ஊருக்குப் போனாலும் அதே ஏற்பாடுதான். திருச்செந்தூர், கொடைக்கானல், ஒருமுறை காசி. எங்கே போனாலும் இரண்டு அறை. பொம்பளைகளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று.

"அம்மாவுக்குத் தனியா படுத்தா தூக்கம் வராது" என்பான் அவன். குஞ்சம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவாள்.

இருபத்தாறு வருஷம். குறுக்கே நந்தி மாதிரி படுத்திருந்த அந்தக் கிழவியை அவள் மனதார வெறுத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கடைசி இரண்டு வருஷம் மலஜலம் எடுத்தாள். எந்த வேலையிலும் குறை வைக்கவில்லை. வெறுப்பிலும் குறை வைக்கவில்லை.

கொடைக்கானலில் ஒருமுறை, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டே குஞ்சம்மாள் சொன்னாள்.

"நீ வேணா அவன் ரூமுக்குப் போயேம்மா. எனக்கென்ன, நான் பாட்டுக்குக் கிடப்பேன்."

கிழவி குத்திக்காட்டுகிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குஞ்சம்மாள் செத்த பிறகும் அவன் ஹாலை விட்டு வரவில்லை. வருஷம் திரும்பட்டும் என்றான். தாய் போன துக்கம், நியாயம்தானே என்று அவளும் பொறுத்துக்கொண்டாள். வருஷத் திதி முடிந்த பத்தாம் நாள் கப்பல். தேதி பார்த்தது அவள்தான்.

ஏலம் படிந்துவிட்டது என்று மெயில் வந்தபோது அவன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேன்சல் பண்ண முடியுமா என்று கேட்டான். முடியாது என்றாள். அதற்கு மேல் அவன் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போயிற்று என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஆசை இருந்தால் எதையும் எப்படியும் எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் ஒரு புது நைட்டி இருந்தது. அட்டைப்பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

அறையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர். சட்டையில் செல்வின் என்று பெயர் குத்தியிருந்தது. நாகர்கோவில்காரராம். தமிழ் ஆட்களைப் பார்த்த சந்தோஷத்தில் துண்டு எங்கே, தண்ணீர் எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு விரிப்பின் நுனியைத் தூக்கினார். அடியில் இரண்டு கட்டில்கள். நடுவில் கொக்கி போட்டு ஒன்றாக்கியிருந்தார்கள்.

இப்படியே இருக்கட்டுமா, பிரித்துப் போட வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பால்கனியிலிருந்து அவன் பேசிவிட்டான். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பிரிச்சுப் போட்டுடுங்க. பக்கத்துல ஆள் படுத்தா அவளுக்குத் தூக்கம் வராது."

செல்வின் அவளைப் பார்த்தார்.

கீழே எங்கோ எஞ்சின் ஓடத் தொடங்கியது. மேஜைமேல் இருந்த இரண்டு கண்ணாடி டம்ளர்களும் லேசாக அதிர்ந்தன.

கொடைக்கானல் ஞாபகம் வந்தது. அந்தக் குளிர், அந்தப் போர்வை, கிழவியின் குரல்.

இருபத்தாறு வருஷத்து வெறுப்பு. அதை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செல்வின் இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அவள் தரையைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

அவர் கொக்கியைக் கழற்றக் குனிந்தார்.