ஒரு லாரி, இரண்டு விளக்கு

ஷோரூம் மேலாளர் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டுதான் லாரியின் முன்பக்கம் குனிந்தார். கருகிய ஒயரின் நாற்றம் சர்வீஸ் கூடம் முழுக்க அப்பிக் கிடந்தது.

"கருமம், கருமம்" என்றார். "இதெல்லாம் ஒரு வேலையா? எலி கடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

லாரிக்காரர் பக்கத்தில் நின்றார். சட்டையில் ஒரு பித்தானைக் காணோம், நகமெல்லாம் கிரீஸ். சொந்தமாக ஒரே ஒரு லாரி, அதையும் தானே ஓட்டிப் பிழைக்கிறவர். நேற்று பாரத்தோடு போகும்போது முன்பக்கம் புகைந்து நடுவழியில் நின்றுபோய், இன்று கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

"வாரன்டி இருக்குல்ல சார்? ஒயரிங்கை மாத்திக் குடுத்துட்டா போதும். திங்கக்கிழமை லோடு எடுக்கலைன்னா கம்பெனிக்காரங்க வேற வண்டியைப் பிடிச்சுக்குவாங்க. வண்டி நின்னா வீட்டுல அடுப்பும் நின்னுடும்."

"சொந்தமா மாட்டினதுக்கெல்லாம் வாரன்டி கிடையாது. ஃபோகஸ் லைட் ஒண்ணை நீங்களே மாட்டினதா போன்ல சொன்னீங்கல்ல?"

"ஆமா சார். ஒண்ணு இங்க மாட்டினாங்க. அன்னிக்கு ஸ்டாக்ல ஒரு லைட்டுதான் இருந்தது. உங்க ஆளு மாட்டுறதைக் கூடவே நின்னு பார்த்தேன். பார்த்ததுக்கப்புறம், ரெண்டாவது வந்ததும் வாங்கிட்டுப் போய் நானே மாட்டிக்கிட்டேன்."

மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, தொழிலையே கரைத்துக் குடித்துவிட்டதாக நினைக்கிற ஜென்மங்கள். இவர்களால்தான் ஷோரூமின் பேரே கெடுகிறது என்று அவர் வீட்டில்கூடப் புலம்புவார்.

ஆனால் இன்றைக்கு அவர் கோபத்துக்கும் ஓர் உபயோகம் இருந்தது. மொத்தமாகப் புது லாரிகள் வாங்க வந்திருந்த முதலாளி ஒருவர் கூடத்தின் வாசலில் நின்றிருந்தார். பம்பர், விளக்கு, கேமரா எல்லாவற்றையும் தாங்களே மாட்டிக்கொள்கிறோம் என்று அவருடைய டிரைவர்கள் சொல்கிறார்களாம். அவருக்கும் அதில் பாதி சம்மதம்.

"முதலாளி, இங்க வாங்க. இதை ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று மேலாளர் கூப்பிட்டார்.

டிரைவர் சீட் பக்கத்து விளக்கின் பின்னால் மேலாளர் டார்ச் அடித்தார். "தகரத்துல ஓட்டை போட்டு, ரப்பர்கூட வைக்காம ஒயரை விட்டிருக்கு. வண்டி குலுங்கக் குலுங்கத் தகரம் அறுத்து, ஒயர் தோல் உரிஞ்சு பத்திக்கிச்சு. ஃபியூஸா? மருந்துக்குக்கூட இல்லை."

ஒயரில் சுற்றியிருந்த டேப்பை இரண்டு விரலால் தூக்கினார். பிசின் இளகிக் கையோடு வந்தது. அதில் யாருடைய தலைமுடியோ ஒட்டியிருந்தது. மேலாளர் உடம்பு கூசிப்போய்க் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார், பிறகு அந்தக் கைக்குட்டையையே குப்பைத் தொட்டியில் போட்டார்.

முதலாளியும் முகத்தைச் சுளித்தார். "அடப்பாவமே" என்றார்.

"இப்போ இந்தப் பக்கம் வாங்க." மேலாளரின் குரல் குளிர்ந்தது. மறுபக்கத்து விளக்கில் ஒயர் குழாய்க்குள் அடக்கமாக ஓடியது. ஓட்டைக்கு ரப்பர், தனி ஃபியூஸ், ஒவ்வொரு நட்டுக்கும் வாஷர். "கண்ணுல ஒத்திக்கலாம். பயிற்சி எடுத்த கைக்கும் கண்ட கைக்கும் வித்தியாசம் தெரியுதுங்களா?"

"தெரியுது" என்றார் முதலாளி. "நல்ல வேலைதான்."

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், நான் ஒண்ணு சொல்லலாமா..."

"நீங்க பேசாதீங்க. பேசற மாதிரியா வேலை பண்ணி வெச்சிருக்கீங்க?" மேலாளர் திரும்பி, சுவரோரம் நின்ற ஃபிட்டரைப் பார்த்தார். "ஏம்ப்பா, நம்ம வேலை எதுன்னு பார்த்தாலே தெரியலை?"

"தெரியுது சார்" என்றார் ஃபிட்டர், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தபடி.

"கேட்டீங்களா முதலாளி? இதுல ஒரு உயிர் போயிருந்தா யாரு பதில் சொல்றது?" மேலாளர் முழு வேகத்தில் இருந்தார்.

லாரிக்காரர் நிதானமாகக் கேட்டார்.

"அப்போ, தீப்பிடிச்ச பக்கத்து லைட்டை மாட்டினவங்கதான் மொத்த ஒயரிங்கையும் மாத்திக் குடுக்கணும். அப்படித்தானே சார்?"

"வேற யாரு குடுப்பாங்க? அவங்க கைக்காசுலதான் குடுக்கணும். திங்கக்கிழமை லோடு போச்சுன்னா அந்த நஷ்டமும் அவங்க தலையிலதான். நானே அந்த இடத்துல இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

லாரிக்காரர் முதலாளி பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேனே" என்றார் முதலாளி. "நியாயமாத்தான் சொல்றாரு."

ஃபிட்டர் ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டு மெல்லப் பின்வாசல் பக்கம் நகர்ந்தார்.

லாரிக்காரர் சொன்னார்: "கண்ணுல ஒத்திக்கலாம்னீங்களே, அதுதான் சார் நான் மாட்டினது."